உன்னுது

பெலார்மினோ சிங்கத்தைக் கொன்றால் தோலை உரித்துச் சாலையோரக் கம்பி வேலியில் மாட்டிவிடுவான். மயிர்ப்பக்கம் உள்ளே, சதைப்பக்கம் காற்றுக்கு. முதலாளி வண்டியில் போகும்போது பார்த்துக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததென்று. வாயால் போய்ச் சொல்கிற வழக்கம் கிடையாது. சில வருஷங்களில் எங்கள் பண்ணை வேலி துணி உலர்த்திய கொடி மாதிரித்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்துச் சிங்கத்துக்குப் பிடரி இல்லை. மண்நிறத்தில், ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற, ஆட்டைக் கண்டால் ஒதுங்காத மலைச் சிங்கம். நகரத்துக்காரர்கள் பூமா என்பார்கள். அதைக் கொல்லக் கூடாதென்று சட்டம் எப்போதோ வந்துவிட்டது. பதகோனியாவின் இந்தத் தென்கோடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குக் கூரைத் தகரமே நிற்பதில்லை, சட்டம் எங்கே நிற்கும்? ஆடு வைத்திருந்த ஒவ்வொரு பண்ணைக்கும் சத்தமில்லாமல் ஒரு சிங்கக்காரன் இருந்தான். எங்கள் பண்ணைக்குப் பெலார்மினோ.

நான் கிளோரிந்தா. ஆட்டுமயிர் கத்தரிக்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட வந்தவள், இங்கேயே புருஷனைப் பறிகொடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். பெலார்மினோவின் மனைவி நெலிதாவுக்கு என்னை விட்டால் பேச்சுத்துணை கிடையாது. எனக்கும் அப்படித்தான். அவர்கள் மகள் யாஸ்னாவை ஞானஸ்நானத் தொட்டியில் பிடித்த ஞானத்தாய் நான். ஆகவே அந்த வீட்டைப் பற்றி நான் பேசலாம். பேசக் கூடாது என்கிறவர்கள் என் அடுப்படிக்கு வந்து சொல்லட்டும்.

அவனிடம் ஐந்து நாய்கள். தலைமை ஒரு கறுப்புப் பெட்டை. அதற்கு வியூதா என்று பெயர் வைத்திருந்தான். விதவை என்று அர்த்தம். நான் புருஷனைப் புதைத்த வருஷம் பிறந்த குட்டி.

"உன் ஞாபகமாத்தான் வெச்சேன், சமையக்காரி. நீயும் கறுப்பு, நீயும் கடிப்ப," என்று சிரித்தான்.

"உன்னைக் கடிச்சா என் பல்லுல்ல போகும்," என்றேன் நான்.

அந்த நாய்கள் சிங்கத்தைக் குகையில் மடக்கினால் உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று குலைக்கும். அவன் வந்து சேர்ந்து, குதிரையை விட்டு இறங்கி, ஒரு வார்த்தை சொல்வான். "உன்னுது!" அதைக் கேட்டால்தான் பாயும். கேட்டுவிட்டால் எதிரில் நெருப்பே இருந்தாலும் பாயும். யாஸ்னா சிறுமியாக இருந்தபோது, சுட்ட ஆட்டின் ஈரலைக் கத்தி முனையில் குத்தி அவளிடம் நீட்டுவான். அப்போதும் அதையேதான் சொல்வான், "உன்னுது." அந்த வீட்டில் பாசத்துக்கு வேறு வார்த்தை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாய்க்குரலைப் படிப்பதில் அவனுக்குத் தலைக்கனம் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் குலைத்தால் இந்தப் பக்கம் இருந்து, ஆண் சிங்கமா பெண் சிங்கமா, மரத்தில் இருக்கிறதா குகையில் இருக்கிறதா என்று சொல்வான். "மனுஷன் பொய் சொல்லுவான். எம் பொண்டாட்டி பொய் சொல்லுவா. என் நாய் சொல்லாது," என்பான்.

பழைய முதலாளி செத்ததும் அவர் பிள்ளைகள் பண்ணையை விற்றுவிட்டார்கள். வாங்கியது ஏதோ ஓர் அறக்கட்டளை. ஆடுகளை லாரியில் ஏற்றினார்கள். உள்வேலிகளைப் பிடுங்கிக் கம்பியைச் சுருட்டினார்கள். மயிர் கத்தரிக்கிற கொட்டகைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து விடுதியாக்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிச் சிங்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முழு ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுட்ட நான் அங்கே பூசணிக்காய் சூப் வைக்கிறேன். யாஸ்னாவுக்கும் அங்கேயே வேலை. விருந்தினருக்குச் சிங்கத்தைத் தேடிக் காட்ட வேண்டும். விடுதி அறைக்கே குடிபோய்விட்டாள். அப்பன் அவளோடு பேசுவதை நிறுத்தினான்.

பெலார்மினோ மட்டும் அசையவில்லை. தன் பங்குக்கு வந்த ஆடுகளைக் கீழ்ப்புல்வெளியில் வைத்துக்கொண்டு, ஐந்து நாய்களோடு, துப்பாக்கியோடு, அதே வீட்டில் இருந்தான்.

மார்ச் கடைசியில் ரைமுந்தோ அவன் வீட்டுக்கு வந்தான். அவன்தான் புது நிர்வாகி. தலைநகரத்துப் பையன், மரியாதை தெரிந்தவன், காற்றுக்குக் கண்ணில் எப்போதும் தண்ணீர். நான் அன்று நெலிதாவோடு கொழுப்பில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். பெலார்மினோ அடுப்போரம் உட்கார்ந்து மாத்தேக் கசாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"உள்ள வா தம்பி. கதவைச் சாத்து, சாம்பல் பறக்குது," என்றாள் நெலிதா.

ரைமுந்தோ ஒரு பச்சைச் சட்டையை மேசைமேல் வைத்தான். மார்பில் நூலால் சிங்கத்தலை தைத்திருந்தது.

"ஐயா, இது உங்களுக்கு."

பெலார்மினோ விரலால் தடவிப் பார்த்தான். "இது என்ன பூனை?"

"சிங்கம் ஐயா. நம்ம சின்னம்."

"நான் சிங்கத்தை முதுகுல போட்டுத் தூக்கியிருக்கேன். நெஞ்சுல தெச்சுக்கிட்டது இல்ல."

"உங்க அளவுக்குச் சிங்கம் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. யாஸ்னாவே அதைத்தான் சொல்றா. நீங்க கண்டுபிடிச்சுக் காட்டினாப் போதும்."

"காட்டினப்புறம்?"

"பார்ப்பாங்க. படம் எடுப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல ஐயா. திரும்பி வந்துடுவாங்க."

"அப்ப வேலையை யாரு முடிக்கிறது?"

ரைமுந்தோ என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் புரட்டினேன்.

"ஐயா, ஒளிக்காம சொல்லிடறேன். பனி விழறதுக்குள்ள நாய் போகணும், ஆடு போகணும், துப்பாக்கி போகணும். போயிட்டா இந்த வீடு உங்க ரெண்டு பேர் காலம் வரைக்கும் உங்களுக்கு. எழுதியே குடுத்துடறோம். இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணணும். நான் சொல்றது இல்ல, மேல இருக்கிறவங்க சொல்றது. நாய்களுக்கு நகரத்துல நல்ல வீடா நானே பார்க்கறேன்."

"வியூதாவை வீட்டுல வெச்சு என்ன செய்வாங்க? சோபால உக்கார வெச்சு பிஸ்கட் குடுப்பாங்களா?"

"பெலார்மினோ, சரின்னு சொல்லு," என்றாள் நெலிதா. கையிலிருந்த கரண்டியிலிருந்து கொழுப்பு அடுப்பில் சொட்டிப் புகைந்தது.

அவன் எழுந்தான். சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். நாய்கள் முற்றத்தில் எழுந்து நின்றன. சட்டையை வீசினான். "உன்னுது!"

பொத்தான்கள் தெறித்தன. ரைமுந்தோ தன் வண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் சிங்கத்தலை துண்டாகக் கிழிந்து ஒரு நாயின் வாயில் தொங்கியது.

நெலிதா அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் பின்னால் நெட்டையான பாப்ளர் மரங்கள் காற்றை மறைக்கிற இடத்தில், முழங்கால் உயர வெள்ளை வேலிக்குள் ஒரு சிலுவை இருக்கிறது. யாஸ்னாவுக்கு முன்னால் பிறந்த பையன். பால் குடிக்கிற வயசிலேயே போய்விட்டான். வருஷா வருஷம் அந்த வேலிக்கு வெள்ளையடிப்பாள்.

"வீட்டை விட்டுப் போன்னா, இவனை விட்டுட்டுப் போகணும். நான் எப்பிடிக்கா போவேன்?"

"அவனுக்கு இது தெரியாதா?"

"தெரியும். ஆனா அவனுக்கு நாய்தான் தெரியும்."

அதற்குப் பின் கொஞ்ச நாளில் ஒரு காலை, கீழ்ப்புல்வெளியிலிருந்து நெலிதா கத்துவது விடுதி வரைக்கும் கேட்டது. குட்டிகளோடு திரிகிற ஒரு பெண் சிங்கம் இறங்கியிருக்கிறது. குட்டிகளுக்கு வேட்டை பழக்குகிற பருவம். தின்பதற்காகக் கொன்றிருந்தால் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். அது பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தது. புல்வெளி முழுக்க ஆடுகள், தொண்டையில் பல்தடத்தோடு, கால்கள் விறைத்து. சில இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. பெலார்மினோ ஒவ்வொன்றாகப் போய்க் கழுத்தறுத்து முடித்துக்கொண்டிருந்தான்.

வயிறு ஊதுவதற்குள் உரித்தாக வேண்டும். நான் கத்தியோடு இறங்கினேன், நெலிதாவும். ஈரப்பனி சாய்வாக அடித்தது. விரல் மரத்துப்போனால் ஆட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுச் சூடேற்றிக்கொண்டு மறுபடி உரித்தோம். நெலிதாவின் முழங்கை வரைக்கும் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. ரைமுந்தோவும் யாஸ்னாவும் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

யாஸ்னா குனிந்து ஓர் ஆட்டின் கழுத்தைப் பார்த்தாள். "ரூபியாதான்," என்றாள்.

"யாரு?" என்றான் பெலார்மினோ. மகளோடு அவன் வெகுநாள் கழித்துப் பேசிய முதல் சொல் அது.

"ரூபியா. செவப்புப் பாறைப் பக்கம் இருக்கிறவ. குட்டிங்களுக்குப் பழக்கி விடுறாப்பா. வேணும்னு பண்ணல."

"கொலைகாரிக்கு ஞானஸ்நானம் வேற குடுத்தாச்சா? ஞானத்தாய் யாரு, இந்தச் சமையக்காரியா?"

"ஐயா, எல்லாத்துக்கும் ஈடு குடுத்துடறோம். ஒரு ஆடு விடாம," என்றான் ரைமுந்தோ.

பெலார்மினோ கத்தியைப் புல்லில் குத்தினான். தோலுரித்த ஆடு ஒன்றைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிச் சுழற்றி, வண்டியின் முகப்புக் கண்ணாடியில் அடித்தான். கண்ணாடி உள்வாங்கியது. மறுபடி அடித்தான். ஆட்டின் தலை பிய்ந்து உருண்டது.

"இதுக்கும் சேத்து ஈடு எழுதிக்கோ!"

ரைமுந்தோவின் முகத்தில் ரத்தத்துளிகள். பையன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. யாஸ்னா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அப்பனின் அதே முகவாய், அதே முரட்டுக் கழுத்து.

"அடிக்கணும்னா என்னை அடி. மிருக டாக்டர் வரப்போறார்ப்பா. மயக்க ஊசி போட்டு அவளுக்குக் கழுத்துல பட்டை மாட்டப்போறோம். எங்க இருக்கான்னு தெரியும். இந்தப் பக்கம் இறங்கினா நானே விரட்டுறேன்."

"பட்டை நாய்க்குப் போடுறது."

"இனி ஆடும் இல்ல. யாருக்காக நீ சிங்கத்தைக் கொல்லப்போற?"

அவன் குனிந்து அடுத்த ஆட்டின் காலைப் பிடித்தான்.

வேட்டைக்குக் கிளம்புவதற்கு முன் சிங்கக்காரன் நாய்களுக்குச் சோறு நிறுத்துவான். தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அதற்கு அர்த்தம் அதுதான். வயிறு நிறைந்த நாய் சிங்கத்தின் முன்னால் யோசிக்குமாம். பட்டினி நாய் யோசிக்காதாம். கவிழ்த்த தட்டை வீட்டில் வேறு யாரும் நிமிர்த்தக் கூடாது.

நெலிதா நிமிர்த்தினாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் விடுதிச் சமையலறைக்கு நடந்தே வந்தாள். மேலுதடு பிளந்து, கன்னத்தில் கடிவாள வாரின் தடிப்பு நீளமாக எழும்பியிருந்தது. நான் பூசணிக்காயை அப்படியே போட்டேன்.

"அந்தப் பொணந்தின்னியா அடிச்சான்?"

"நாய்ங்களுக்குக் கறி போட்டேங்கா. நேத்தும் போட்டேன், முந்தாநாளும் போட்டேன். சாப்ட்டுட்டா வேட்டைக்கு ஆகாதுன்னு விட்டுட்டுப் போயிடுவான்னு நெனச்சேன். இன்னிக்குப் பாத்துட்டான்."

"இப்ப எங்க?"

"விடிஞ்சதும் போயிட்டான். அஞ்சையும் கூட்டிட்டு."

"எந்தப் பக்கம்?"

"செவப்புப் பாறைக்கு."

நான் அடுப்பை அணைத்தேன். டாக்டர் முதல்நாளே வந்துவிட்டார். அவரும் ரைமுந்தோவும் யாஸ்னாவும் இருட்டு விலகும் முன்பே சிவப்புப் பாறைக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் இருவரும் சற்று முன்புதான் திரும்பி வந்து, என்னிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, விருந்தினரோடு ஏரிப் பக்கம் போனார்கள். ரைமுந்தோவுக்கு ஒரே சந்தோஷம். "பட்டை மாட்டியாச்சு சமையலம்மா! ரூபியா யாஸ்னா மடியில தலை வெச்சுத் தூங்கிச்சு. எச்சில் எல்லாம் அவ சட்டைலதான். போதாததுக்கு மேலேயே மூத்திரம் வேற!" மயக்கம் தெளிந்து சிங்கம் எழுந்து போகிற வரைக்கும் ஒருவர் தூர இருந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. யாஸ்னா அங்கேயே இருந்துவிட்டாள்.

இதை நான் நெலிதாவிடம் சொல்லி முடிக்கவில்லை. அவள் வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள்.

காய்கறி ஏற்றுகிற பழைய வண்டி அது. நான்தான் ஓட்டினேன். யாஸ்னாவின் கம்பியில்லாக் கருவியைக் கூப்பிட்டுப் பார்த்தோம். பாறைகளுக்குள் அது எடுப்பதில்லை. ஈரப்பனி கண்ணாடியை மூடியது. நெலிதா தலையை வெளியே நீட்டித் தடம் சொல்லிக்கொண்டு வந்தாள். தடம் முடிகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு முட்புதர்களுக்கு நடுவில் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னால் போனாள், பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு.

நாய்ச்சத்தம் கேட்டது. காற்று எங்கள் முகத்தில் அடித்ததால் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. நெலிதா நின்றாள். பின்னால் கையை நீட்டி என்னையும் நிறுத்தினாள்.

"இது சிங்கத்துக்குக் குலைக்கிற குலைப்பு இல்ல," என்றாள்.

"பின்ன?"

"வியூதா முனகுதுக்கா. கேளு. நான் கறி கொண்டு போறப்ப முனகுமே, அந்த மாதிரி. தெரிஞ்சவங்களைப் பாத்த சத்தம் இது." அவள் முகம் வெளுத்துப்போனது. "எம் பொண்ணு உள்ள இருக்கா."

ஓடினோம். மேட்டில் ஏறியதும் பார்த்தோம். சிவப்புப் பாறையின் அடியில், ஆள் குனிந்து நுழைகிற ஒரு குகை. பனிக்கு ஒதுங்க அதைவிட்டால் அங்கே வேறு இடம் இல்லை. நான்கு நாய்கள் வாசலில் முன்னுக்கும் பின்னுக்கும் போய்க்கொண்டிருந்தன. குலைப்பதும் நிறுத்துவதும், ஒன்றையொன்று பார்ப்பதுமாக இருந்தன. பெலார்மினோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு நின்றான். வியூதா மட்டும் அவன் காலடியில். அவன் கால்சட்டை நுனியைப் பல்லால் பிடித்துப் பின்னால் இழுத்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

"சோத்து மாடுங்களா!" அவன் நாய்களைத் திட்டுவது எங்களுக்குக் கேட்டது. "அவ கையால தின்னு தின்னு கெட்டுப்போச்சா உங்களுக்கு! சிங்கத்தைப் பாத்து வாலாட்டுறியாடி!"

வியூதாவை விலாவில் உதைத்தான். அது உருண்டு எழுந்து திரும்பவும் வந்து அவன் காலைப் பிடித்தது.

"பெலார்மினோ! வேண்டாம்!" என்று நெலிதா கத்தினாள். நானும் கத்தினேன். எதிர்க்காற்று எங்கள் குரலைப் பிடுங்கி எங்களுக்குப் பின்னாலேயே வீசியது.

அவன் கையை உயர்த்தினான்.

"உன்னுது! உன்னுது!"

நான்கும் பாய்ந்தன. உள்ளே இருந்து வந்த அலறலை இந்த ஜென்மத்தில் நான் மறக்கமாட்டேன். சிங்கம் அலறுவது அப்படி இருக்காது. அவனுக்கும் அது தெரிந்தது. ஒரு கணம் துப்பாக்கி அவன் கையிலிருந்து நழுவப் பார்த்ததை நான் கண்டேன். பிறகு குகைக்குள் விழுந்தடித்து நுழைந்தான்.

உள்ளே சுட முடியாது, மகள் இருக்கிறாள். கத்தியால்தான் குத்தியிருக்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு நாயைப் பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்துப் பாறையில் அடித்தான். மண்டை உடைந்தது. இன்னொன்று யாஸ்னாவின் இடது கையை விடாமல் கூடவே இழுபட்டு வந்தது. கழுத்தை அறுத்த பின்னும் அதன் வாய் விடவில்லை. தாடையைக் கத்தியால் நெம்பிப் பிரித்தான். மற்ற இரண்டும் உள்ளேயே முடிந்திருந்தன. யாஸ்னாவுக்கு ஒரு காது இல்லை. முழங்கைக்குக் கீழே பார்க்கும்படியாக எதுவும் இல்லை. நெலிதா தன் பாவாடையைக் கிழித்து இறுகக் கட்டினாள். அவள் கை பேய் பிடித்தது மாதிரி வேலை செய்தது.

வியூதா உள்ளே போகவே இல்லை. வார்த்தையைக் கேட்டும் போகாமல், குகை வாசலில் ஈரப்பனியில் உட்கார்ந்திருந்தது. பெலார்மினோ அதைப் பார்த்தான். அது வாலை ஆட்டியது. துப்பாக்கியை எடுத்து அதன் நெற்றியில் வைத்துச் சுட்டான்.

"அது என்னடா பண்ணிச்சு, பாவி!" என்று நான் கத்தினேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

யாஸ்னா பிழைத்தாள். புந்தா அரேனாஸ் நகர ஆஸ்பத்திரியில் முழங்கையோடு கையை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான் பயப்படவே இல்ல பெரியம்மா. சிங்கம் எழுந்து போயிருச்சு, பனிக்கு ஒதுங்கினேன். நம்ம நாய்ங்கதானேன்னு மெதுவா பேர் சொல்லிக் கூப்ட்டேன். அப்பா குரல் கேட்டதும் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

பெலார்மினோ ரத்தம் காய்ந்து விறைத்த போன்சோப் போர்வையோடு ஆஸ்பத்திரி நடையில் நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கடைசியில் உள்ளே விட்டார்கள். கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, மன்னிப்பு என்ற சொல் வரும் வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் சொன்னான்:

"உம்மேல சிங்க வாசனை இருந்துச்சு. நாய்ங்க தப்பு பண்ணல."

நெலிதா எழுந்து அவன் வாயிலேயே அறைந்தாள். அறைந்த சத்தத்துக்கு நர்ஸ் ஓடிவந்தாள்.

யாஸ்னா கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பினாள். "தெரியும்பா. வியூதா உங்கிட்ட சொல்லிச்சு. நான் உள்ள இருந்து பாத்தேன்."

அவன் வெளியே போனான். பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தே போனதாகச் சொன்னார்கள்.

அந்த வருஷம் பனி சீக்கிரமே விழுந்தது. நெலிதா நகரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பிடித்து, மகளுக்கு ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடப் பழக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னோடு பண்ணைக்கு வந்தாள், வீட்டிலிருந்து எடுக்க வேண்டியதை எடுக்க.

சாலை வளைவில் திரும்பியதும் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். வேலிக் கம்பியில் ஐந்து தோல்கள். சதைப்பக்கம் காற்றுக்கு. கடைசியில் இருந்ததன் ஓரத்தில் கறுப்பு மயிர் தெரிந்தது. குகையடியிலிருந்து அவற்றைக் குதிரையில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு தோலும் கிழியாமல் உரித்திருக்கிறான். நெலிதா பார்த்துவிட்டு, "போ," என்றாள்.

அவன் படலருகே நின்றிருந்தான். முகச்சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டு, தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். முற்றத்தில் ஐந்து தட்டுகளும் கவிழ்த்தபடியே பனிக்குள் பாதி மூடிக் கிடந்தன. நெலிதா அவனைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போனாள். வெள்ளை வேலியைத் தாண்டி, மண்டியிட்டுப் பனியை ஒதுக்கி, சிலுவையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். மண் இறுகியிருந்தது. நான் உதவப் போனபோது தள்ளிவிட்டாள்.

அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"எங்க கொண்டு போற நெலிதா? பிள்ளை இங்கதான இருக்கான்."

அவள் சிலுவையின் அடியை விரலால் தோண்டினாள்.

"ரைமுந்தோ வந்தான். வேலியைப் பாத்தான். சரின்னுட்டான். ஆடு இல்ல, நாய் இல்ல, துப்பாக்கியும் குடுத்துட்டேன். பனி விழறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிச்சேன்." வேலை முடித்த நாளில் முதலாளி முன்னால் நிற்பது போலத்தான் நின்றான். "நீ கேட்ட வீடு. நம்ம காலம் வரைக்கும் நம்மளுது. எழுதிக் குடுத்துட்டான்."

சிலுவை கையோடு வந்தது. அதன் கால் மண்ணில் அழுகியிருந்தது. அவள் அதை தோள் துண்டில் சுற்றினாள். வீட்டுக்குள் போகவேயில்லை. துணி எடுக்கவில்லை, பாத்திரம் எடுக்கவில்லை. வண்டியில் ஏறிச் சிலுவையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"நெலிதா," என்றான் அவன். பக்கத்தில் வந்தான். "வியூதா சொன்னா. நான்தான் கேக்கல. அன்னையிலேருந்து ராவும் பகலும் அந்தக் குரலு காதுல இருக்கு. நான் தனியா எப்பிடி..."

அவள் கண்ணாடியை இறக்கினாள். வீட்டைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். உதட்டில் அந்த வெட்டு இன்னும் ஆறவில்லை.

"உன்னுது, பெலார்மினோ," என்றாள். "உன்னுது."

அந்த வார்த்தைக்கு அவன் உடம்பு தானாக ஓர் அடி முன்னால் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டான். தொப்பி கையிலிருந்து விழுந்து காற்றில் உருண்டு போனது. அதை அவன் பிடிக்கப் போகவில்லை.

"வண்டியை எடுக்கா," என்றாள் நெலிதா. எடுத்தேன்.